பச்சை நாக்கும் ஒரு வாக்குப்பெட்டியும்

ஹவுன்ஸ்லோ மண்டபத்தில் எனக்குப் பிறகு கேர்டேக்கராக வந்திருக்கும் கீர்த்தனா போன கிழமை தொலைபேசி எடுத்தாள். நான் விட்டுவந்த கொப்பியைப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டு வருகிறாளாம். பொய்லர் எந்தக் குளிருக்கு முனகும், எந்த யன்னலை முழங்கையால் இடித்தால்தான் பூட்டலாம் என்பதெல்லாம் விளங்கிவிட்டதாம். ஓரிடத்தில் மட்டும் நின்றுபோனாள்.

“அங்கிள், ‘தேர்தல் நாளில் வெறும் தண்ணீர் மட்டும், நிறம் கூடவே கூடாது’ எண்டு சிவப்புப் பேனையால மூண்டு கோடு போட்டிருக்கு. வாட் ஹேப்பண்ட்? எம்பஸி ஆக்கள் திரும்பவும் ஹோலை எலெக்சனுக்கு புக் பண்ணியிருக்கினம்.”

“போனிலை சொல்லி முடிக்க ஏலாது பிள்ளை. எழுதித் தாறன்,” என்றேன்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி யோகத்துக்கு அப்போதே சிரிப்புத் தொடங்கிவிட்டது. “நாக்குக் கதையையோ எழுதப் போறியள்? உங்களுக்கு வெக்கமில்லையே?” என்றாள். வெட்கம் இருக்கிறதுதான். ஆனால் என் உத்தியோக வாழ்க்கையில் அதைவிடச் சிறந்த நாள் ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதையை ஒரு பந்தியில் முடித்துவிடலாம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் முன்னால் விடியமுன் வரிசையில் நின்றேன். பெற்றோல் நிலையத்தில் நின்றேன். விமான நிலையச் சமையற்கட்டில் தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன். பிறகு இந்த மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்து, பழைய கேர்டேக்கர் இளைப்பாறியதும் சாவிகள் கோர்த்த திறப்புக்கோவை என் இடுப்புக்கு வந்தது. அதன்பிறகு இருபத்தேழு வருடம். காலையில் சிறுபிள்ளைகளின் விளையாட்டுக் குழு, மத்தியானம் முதியோர் யோகாசனம், சனிக்கிழமை பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடு, ஞாயிற்றுக்கிழமை ஆப்பிரிக்கச் சபையின் ஆராதனை. மண்டபத்துக்குள் ஒரே நேரத்தில் இருநூற்றிருபது பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்பது தீயணைப்புச் சட்டம். வாசலில் நின்று ஆள் எண்ணும் சின்னக் கருவியை அமத்தி அமத்தி என் வலது பெருவிரல் மற்றதைவிடத் தடித்துப்போயிற்று. யோகம் அதைக் காட்டித்தான் எல்லோருக்கும் என் உத்தியோகத்தை விளக்குவாள்.

அந்தத் தூதரகம் எங்கள் மண்டபத்தை வாக்குச்சாவடியாக எடுக்கத் தொடங்கியது நான் இளைப்பாறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஆட்களின் பேக்கரி எங்கள் தெருமுனையில் இருக்கிறது, எனக்கு அங்கே தொடர்ந்து பாண் வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து, தேர்தல் வந்து, தொழிற்சாலைகள் மூடுண்டு, பாதி இளைஞர்கள் லண்டன் கட்டடங்களுக்குச் சாரம் கட்ட வந்துவிட்ட ஒரு நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் டோரின். எங்கள் மண்டபத்துச் சுவருக்குப் பூச்சு வேலை செய்பவன். நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. இந்தக் கதை நடந்த வருடம் அவன் தேநீர் குடிக்கிற நேரமெல்லாம் தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் பிடித்தான். அதில் பச்சைச் சால்வை போட்ட ஒரு மனிதர், வயலுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டிருப்பார். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்புவரை அவரை ஒருவருக்கும் தெரியாது. இப்போது சனாதிபதியாகப் போகிறாராம். நாட்டை விற்றவர்களைச் சிறையில் போடுவாராம், ஐரோப்பாவுக்குப் பாடம் படிப்பிப்பாராம், வெளிநாட்டாரையெல்லாம் திருப்பி அனுப்புவாராம்.

“டோரின், நீயும் ஒரு வெளிநாட்டுக்காரன்தானே?” என்று கேட்டேன்.

“இங்கேதான் பாலா நான் வெளிநாட்டுக்காரன். அங்கே நான் வீட்டுக்காரன். ஒரு இடத்திலாவது வீட்டுக்காரனாக இருக்க விடு,” என்றான்.

இதே வசனத்தை எங்கள் ஆட்களின் கூட்டங்களில் எத்தனை தரம் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன்! ஆனால் அந்தப் பச்சைச் சால்வைக்காரரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவன் தொலைபேசியைத் தள்ளிவிட்டேன். பெரும்பான்மைக்கு மட்டும்தான் நாடு என்று மேடையில் கத்துகிற குரலை எந்த மொழியில் கேட்டாலும் யாழ்ப்பாணத்தானுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

முதற்சுற்று வாக்களிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. தூதரகம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சனம் வந்தது. வரிசை பஸ் தரிப்பைத் தாண்டிச் சுற்றிப் போய், தன் வாலையே சந்தித்தது. எது தலை, எது வால் என்று ஒருவருக்கும் தெரியாமல் சண்டை வந்தது. ஒன்பது மணிக்குச் சட்டப்படி கதவு பூட்டவேண்டும். பூட்டினேன். கதவுக்கு வெளியே முதல் ஆளாக நின்றது டோரின். ஐந்து மணித்தியாலம் நின்றிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அழுததை இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். “எங்களை வாக்குப் போட விடக்கூடாது என்றுதான் செய்கிறார்கள்!” என்று கத்தினான். பச்சைச் சால்வைக்காரர் முதற்சுற்றில் முந்திவிட்டார், இரண்டாம் சுற்று இரண்டு கிழமையில் என்று மறுநாள் செய்தி வந்தது.

இங்கே வெரா மேடம், எங்கள் வாயில் மடம், அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வாக்குச்சாவடியின் தலைவி. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். எனக்கு இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகள். இரண்டே இரண்டு ஞாயிறுகள் மேலதிகாரியாக இருந்த இவரைத்தான் நான் மறக்கவில்லை. குரலை உயர்த்தமாட்டார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பார், நேரம் பார்ப்பது பிறருக்குத் தெரியாது. எது நடந்தாலும் ஒரே சொல்: “எழுதுவோம்.” பதிவேட்டை விரிப்பார், நேரம் போடுவார், எழுதுவார். சிறுபிள்ளைகள் கீறி ஒட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “இந்தத் தவளை பச்சை. அந்தச் சூரியன் மற்றக் கட்சியின் மஞ்சள். இரண்டையும் மறையுங்கள்,” என்றார். தவளையையும் சூரியனையும் ஒரே கடதாசியால் மூடினேன். மறைப்புத் தட்டிகளுக்கு இடையிலான தூரத்தை அளவுநாடாவால் அளந்தார். அளந்ததையும் எழுதினார்.

இரண்டாம் சுற்றுக்கு முந்திய புதன்கிழமை வந்து என்னிடம் கேட்டார்.

“மிஸ்டர் பாலா, டோரின் மாதிரி ஒருவரையும் இந்த முறை வெளியே விட்டுப் பூட்டக்கூடாது. என்ன செய்யலாம்?”

“வரிசையை என்னிடம் விடுங்கள். எங்களுக்குத் தேர்த்திருவிழா நடத்தித் தெரியும்,” என்றேன்.

“தேர்தலும் தேர்த்திருவிழாவும் ஒன்றா?”

“சாமிதான் வேறு, சனம் ஒன்று.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சம்மதித்தார். நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். “தண்ணீர் என்றால் சரி,” என்று அதையும் எழுதினார்.

எங்கள் கோயிலில் திருவிழா வரிசைக்குப் பொறுப்பு தில்லையம்பலம் அண்ணை. ஓய்வுபெற்ற தபால்காரர், நெற்றி நிறையத் திருநீறு, சண்டைக்கு நிற்பவனைத் தோளில் தட்டியே சமாதானப்படுத்துகிற கை. விஷயத்தைச் சொன்னதும் துள்ளிவிட்டார்.

“பிறகென்ன! கயிறு கிடக்கு, கம்பி கிடக்கு, எங்கடை ஆக்கள் எட்டுப் பேர் வருவினம். தாகசாந்தியும் நான் பாக்கிறன்.”

“தண்ணி மட்டும் அண்ணை.”

“ஓமோம், விளங்குது,” என்றார்.

அவருக்கு விளங்கியது வேறு என்பது ஞாயிறு காலைதான் எனக்குத் தெரிந்தது. கார் தரிப்பிடத்தில் கயிறு கட்டி, வரிசையைப் பாம்பு மாதிரி வளைத்து, வயோதிபருக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் வேறு வழி விட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு தொண்டரை நிறுத்தி, என்ன அழகான ஏற்பாடு! ஏழு மணிக்குக் கதவு திறந்தது முதல் சனம் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் வளைவுகளில் தண்ணீர் இல்லை. இரண்டு பெரிய பீப்பாக்களில், ஐஸ்கட்டி மிதக்க, பச்சைப் பசேலென்று நெல்லி கிரஷ், அதுதான் சாயம் போட்ட நெல்லிக்காய்ச் சர்பத்.

“அண்ணை! தண்ணியெண்டெல்லோ சொன்னனான்!”

“உனக்கு விசரே? தாகசாந்தியெண்டு சொல்லிப்போட்டு வெறுந்தண்ணி குடுக்கிறதே? நாளைக்கு ஆரும் எங்களை மதிப்பினமே? டூட்டிங் கடையிலை மாம்பழ கிரஷ் முடிஞ்சுபோச்சு, நெல்லிதான் கிடந்தது. குடிச்சுப் பார், வயித்துக்கும் நல்லது.”

குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் மூளை அன்று எங்கே போயிருந்ததோ, தவளைக்குக் கடதாசி ஒட்டிய கையால் நானே மண்டபத்து மண்ணிற மக் கோப்பைகளில் ஊற்றி, உள்ளே மேசைகளில் இருந்த எல்லோருக்கும் ஒரு மரியாதைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாக்காளர் பட்டியலிலிருந்து தலை நிமிராமலே எல்லோரும் குடித்தார்கள். வெரா மடம்கூட ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “புளிப்பு. நன்றி,” என்றார்.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. வெளியே முந்நூறு நானூறு பேர், ஒவ்வொருவர் கையிலும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குவளை, குவளைக்குள் பச்சை. பச்சைச் சால்வைக்காரரின் ஆட்களுக்கு அது தெய்வ சகுனமாகப் பட்டது. ஒருவன் குவளையை உயர்த்தினான். ஐம்பது பேர் உயர்த்தினார்கள். கட்சிப் பாட்டு வேறு தொடங்கிற்று. அது உற்சாகப் பாட்டு என்று நினைத்துத் தில்லை அண்ணை தாளம் போட்டார். படம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், அரைமணித்தியாலத்தில் ‘லண்டனில் பச்சை அலை’ என்று அந்த நாடு முழுவதும் பார்த்துவிட்டது.

மஞ்சள் கட்சியின் முகவர் தோமாஸ் என்கிற இளம் சட்டத்தரணி. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வெரா மடத்திடம் ஓடிவந்தார். “வாக்காளருக்குக் கட்சி நிறத்தில் பானம் கொடுத்திருக்கிறார்கள். இது லஞ்சம். இந்தப் பெட்டியை ஒதுக்கி வையுங்கள், எண்ணக்கூடாது!” என்றார்.

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக், காலையிலேயே பாதிக்கு வந்திருந்தது. அதற்குள் டோரினின் சீட்டும் இருந்தது. இந்த முறை அவன் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்று போட்டிருந்தான். போட்டுவிட்டுத் தில்லை அண்ணையை இரண்டு கன்னத்திலும் கொஞ்சியதில் அவன் தாடியில் திருநீறு ஒட்டியிருந்தது.

தில்லை அண்ணை வாசலில் நின்று தோமாஸைப் பார்த்தார். “உந்தப் பொடியனுக்கு என்ன பிரச்சினை? ஆர் எந்தக் கட்சியெண்டு கேட்டே நாங்கள் ஊத்திறம்? நெல்லி பச்சையாத்தான் இருக்கும். நீலத்திலை வேணுமெண்டா முதலே சொல்லியிருக்கவேணும்!” இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வெரா மடம் பதிவேட்டையும் என்னையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் கதிரைகள் அடுக்கும் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

“இந்தப் பச்சையை யார் கேட்டது?”

நான் வாய் திறக்கமுன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“முதலில் ஒன்று சொல்கிறேன். நான் அந்த மனிதருக்கு வாக்குப் போடவில்லை. அவரால் என் தங்கை என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெட்டியில் யாருடைய பெயர் நிறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ‘அவருடைய ஆட்கள் கேட்டார்கள்’ என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் நான் பெட்டியை ஒதுக்கவேண்டும். இரவு நிம்மதியாக நித்திரை கொள்வேன். என் அப்பா எங்கள் ஊரில் வாக்கு எண்ணுபவராக இருந்தார். அந்தக் காலத்தில் முடிவு முதலில் வரும், எண்ணுவது பிறகு. எண்ணிவிட்டு வந்தால் அவர் இரண்டு நாள் ஒருவரோடும் பேசமாட்டார். ஆகவே, மிஸ்டர் பாலா, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.”

ஒரே ஒரு சொல். அது என் நாக்கு நுனிவரை வந்ததை மறைக்கமாட்டேன். கொழும்பில் அப்படியான ஒரு மனிதர் கத்தி முடித்த கையோடுதான் என் மாமாவின் கடை எரிந்தது. ஒரு பொய்யில் இங்கே ஒரு பெட்டி குறையும், நல்ல காரியம்தானே என்று மனம் சொன்னது. அதே மனத்தில் டோரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்த முறை நானே அவன் முகத்துக்குக் கதவைப் பூட்டினால், வாக்குப் போட விடமாட்டார்கள் என்று அவன் கத்தியது உண்மையாகிவிடும்.

“ஒருவரும் கேட்கவில்லை மடம். கடையில் மாம்பழம் முடிந்துவிட்டது,” என்றேன்.

மாம்பழம், நெல்லி, தாகசாந்தி எல்லாவற்றையும் விளக்கப்படுத்தினேன். மேலாக ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கியதால் நடுவில் வாயை மூடி நிற்கவேண்டி வந்தது. அவர் எழுதிக்கொண்டே வந்தார். “எல்லோருக்கும் கொடுத்தீர்களா? அதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். என் முகத்தை அல்ல, வாயை.

“உங்கள் நாக்கு ஏன் பச்சை?”

“நெல்லி கிரஷ் அப்படித்தான் மடம். சாயம் சாயங்காலம் வரை போகாது.”

அவர் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்தார். நாக்கை நீட்டிப் பார்த்தார். பச்சை. கண்ணாடியை மூடி வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வெளியே வந்து, வாக்களிப்பை ஐந்து நிமிடம் நிறுத்தி, அலுவலர்களையும் எல்லாக் கட்சி முகவர்களையும் வரிசையாக நிற்கச் சொன்னார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ கட்டளையிட்டார். ஒருவரும் அசையவில்லை. மடம் முதலில் தன் நாக்கை நீட்டிக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன நாக்குகள். பச்சைக் கட்சியின் தடித்த முகவர், பச்சை. தூதரகச் செயலாளர், பச்சை. இன்னொரு சிறு கட்சியின் முகவரான அம்மா, பச்சை. கடைசியில் தோமாஸ். வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றார். மடம் பேனையோடு காத்திருந்தார். பாவம், சட்டத்தரணி. நீட்டினார். மற்ற எல்லாரையும்விட அதுதான் கடும் பச்சை. இரண்டு மக் குடித்தவர் அவர்.

வாசலில் வரிசையில் நின்ற சனம் இதைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துவிட்டது. என்ன ஏது என்று தெரியாமலே அவர்களும் நாக்கை நீட்டினார்கள். பச்சைக்காரர், மஞ்சள்காரர், கைக்குழந்தை வைத்திருந்த தாய், குழந்தை. தில்லை அண்ணையும் நீட்டினார். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு, கதிரையைப் பிடித்துக்கொண்டேன். தோமாஸுக்கே உதடு துடித்தது. கடைசியில் அவரும் வெடித்துச் சிரித்துவிட்டார். வெரா மடம் மட்டும் எழுதினார்: பானம் எல்லாத் தரப்பினருக்கும் சமமாக வழங்கப்பட்டது, ஆதாரம் நாக்குகள், நேரில் பார்வையிடப்பட்டன, வழங்கல் உடன் நிறுத்தப்பட்டது. தோமாஸ் அதன்கீழ்க் கையொப்பம் வைத்தார். தில்லை அண்ணை முணுமுணுத்துக்கொண்டு குழாய்த் தண்ணீருக்கு மாறினார்.

ஒன்பது மணிக்கு நான் கதவைப் பூட்டியபோது கார் தரிப்பிடத்தில் கயிறு மட்டும்தான் நின்றது. மே மாதம், வெளிச்சம் இன்னும் இருந்தது. வந்த அத்தனை பேரும் வாக்களித்திருந்தார்கள். இருபத்தேழு வருடத்தில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பெட்டி திறந்தார்கள். திறப்புக்காரன் என்பதால் நான் சுவரோரம் நிற்கலாம். வெரா மடம் ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டிப் பெயரை வாசித்தார். மொழி தெரியாத எனக்கே பத்து நிமிடத்தில் அந்தப் பெயர் பாடமாகிவிட்டது. ஒரு கட்டு ஏறிக்கொண்டே போனது, மற்றது தவழ்ந்தது. நான் காப்பாற்றிய பெட்டி. முதல் சீட்டை வாசித்த அதே குரலில் கடைசிச் சீட்டையும் வாசித்தார். தடித்த முகவரின் தொலைபேசி அதிர்ந்தது. நாடு முழுக்கவும் அப்படித்தானாம். பச்சைச் சால்வைக்காரர் வென்றுவிட்டார்.

முடிவுத் தாளை வெளிக்கதவில் ஒட்டவேண்டும் என்பது விதி. ஒட்டுநாடாவை நான் கேட்டேன், மடம் தரவில்லை. தானே வெளியே போனார். வாசலில் நாற்பது ஐம்பது பேர் பச்சைக் கொடியோடு நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், டோரின் நடுவில். மடம் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளை நேராகப் பிடித்து, நாலு மூலையையும் ஒட்டி, உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டார். ஆரவாரம் எழுந்தது. டோரின் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். கண்ணீரும் சிரிப்புமாக நின்றான்.

“நன்றி மடம். இந்த முறை எங்களை உள்ளே விட்டீர்கள்.”

அவர்கள் மொழியில் பேசியிருக்கலாம். எனக்கும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ, அவர் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

“நீங்கள் தோற்றிருந்தாலும் விட்டிருப்பேன். அடுத்த முறை அவரை மாற்ற நான் வரிசையில் நிற்பேன் டோரின். அன்றைக்குக் கதவு திறந்திருக்கவேண்டும். அதைப் பார்ப்பது இனி உங்கள் வேலை.”

பாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது. டோரின் பாடவில்லை. அவர் கையை விடாமல், கதவில் ஒட்டியிருந்த தாளை முதலாம் வரியிலிருந்து மெல்ல வாசிக்கத் தொடங்கினான்.